கெஞ்ஜி செய்த நல்ல காரியம்

கெஞ்ஜி மீது குற்றப்பட்டியல் எழுதுவது எளிது. தந்தையாகிய பேரரசரின் துணைவி ஃபுஜிட்சுபோவிடம் பிள்ளை பெற்றான். அந்தப் பிள்ளை பேரரசரின் மகனாகவே வளர்ந்து அரியணை ஏறியபோது வாய் திறக்கவில்லை. பத்து வயதுச் சிறுமி முராசாகியை, அவளுடைய தந்தை அழைத்துப்போக வருவதற்குள் முந்திக்கொண்டு தன் மாளிகைக்குத் தூக்கி வந்தான். வளர்ந்ததும் அவளையே மனைவியாக்கிக்கொண்டான். ஆயிரம் ஆண்டுகளாக அவனை நாயகனாகக் கொண்ட 'கெஞ்ஜி மோனோகதாரி' என்ற ஜப்பானிய நாவலைப் படித்தவர்கள் இவற்றையெல்லாம் பேசித் தீர்த்திருக்கிறார்கள். இவற்றில் அறச்சிக்கல் என்று சொல்ல அதிகம் இல்லை. தவறு என்று சொல்ல யாரும் தயங்க வேண்டியதில்லை.

தயங்க வேண்டிய இடம் வேறொன்று. கதையின் 19-ஆம் அத்தியாயத்தில் கெஞ்ஜி ஒரு காரியம் செய்கிறான். யாரையும் அதில் ஏமாற்றவில்லை, மிரட்டவில்லை. மூன்று வயது மகளைப் பெற்றவளிடமிருந்து வாங்கி, வேறொருத்தியின் கையில் வளர்க்கக் கொடுக்கிறான். பெற்றவள் யோசித்தே சம்மதித்தாள். வளர்த்தவள் உயிராக வளர்த்தாள். அந்தக் குழந்தை பின்னாளில் பட்டத்தரசியானாள். பெற்றவளும் கடைசியில் மகளோடு போய்ச் சேர்ந்தாள். நாவலில் வரும் காதல் குழப்பங்களில் எதுவும் இவ்வளவு நல்லபடியாக முடியவில்லை. அப்படியானால் அதைத் தவறு என்று சொல்ல என்ன இருக்கிறது?

இதற்கு விடை தேடுமுன், அந்த அரசவையில் அதிகாரம் எப்படி உற்பத்தியாயிற்று என்று பார்த்தாக வேண்டும். இன்றைய கியோட்டோதான் அன்றைய தலைநகர் ஹெய்யான். பேரரசர் அங்கே தெய்வ வழியில் வந்தவர். ஆட்சி நடத்தியது பெரும்பாலும் ஃபுஜிவாரா குடும்பம். அவர்கள் அதற்காக வாளை நம்பவில்லை, மகள்களை நம்பினார்கள். மகளை அந்தப்புரத்துக்கு அனுப்புவது, அவள் வயிற்றில் பிறக்கும் இளவரசனைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்ப்பது, அவன் சிறுவனாகவே முடிசூடியதும் தாய்வழிப் பாட்டன் என்ற உரிமையில் நாட்டை நடத்துவது. இளவரசனுக்குத் தந்தை யார் என்பது எல்லோருக்கும் பொது. தாயின் பிறந்த வீடு எது என்பதுதான் ஒருவனை இன்னொருவனிடமிருந்து பிரித்தது.

நாவலாசிரியை முராசாகி ஷிகிபு இந்த இயந்திரத்தின் நடுவிலேயே வேலை பார்த்தவர். ஃபுஜிவாரா மிச்சினாகா 999-இல் தன் மகள் ஷோஷியைப் பேரரசர் இச்சிஜோவின் அந்தப்புரத்துக்கு அனுப்பியபோது அவளுக்கு வயது பன்னிரண்டு. ஏற்கெனவே தெய்ஷி என்ற பட்டத்தரசி இருந்தாள். இருந்தால் என்ன? மறு ஆண்டே ஒரு பேரரசருக்கு இரண்டு பட்டத்தரசிகள் என்று வழக்கத்தையே மாற்றினார்கள். தெய்ஷியின் தந்தை 995-இல் இறந்துபோயிருந்தார், அண்ணன் அடுத்த ஆண்டு நாடு கடத்தப்பட்டான். பிறந்த வீட்டில் கேட்க நாதியற்ற அவள் பிரசவத்தில் இறந்தபின், அவளுடைய மகன் அட்சுயாசுவை ஷோஷியே வளர்த்தாள். 1011-இல் பட்டத்து இளவரசனைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது, மூத்தவன் அட்சுயாசுவை ஒதுக்கிவிட்டு ஷோஷியின் மூன்று நான்கு வயது மகனுக்கு அந்த இடம் போயிற்று. முராசாகி ஷிகிபு இந்த ஷோஷியின் பணியில் இருந்தவர். அவருடைய நாட்குறிப்பு 1008-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளின் நடுவே இந்தக் கதை அரண்மனையில் படிக்கப்பட்டதையும் சொல்கிறது. தாய்வீட்டுப் பலம் இல்லாத பிள்ளைக்கு என்ன நேரும் என்பது அவருக்குக் கேள்விப்பட்ட செய்தி அல்ல.

கெஞ்ஜியின் கதையே அங்கேதான் தொடங்குகிறது. அவனுடைய தாய் கிரிட்சுபோ, அந்தப்புரத்தில் தாழ்ந்த வரிசைப் பெண். அவளுடைய தந்தை உயர் அதிகாரியாக இருந்தவர், ஆனால் அமைச்சர் அல்ல, அவரும் இறந்துவிட்டார். பேரரசர் அவள்மேல் வைத்த அன்பு அவளுடைய வரிசைக்குப் பொருந்தாத அளவில் இருந்தது. அன்பு ஏறியபடியே மற்றப் பெண்களின் பகையும் ஏறியது. அவள் நடந்து போகும் வழியில் அசிங்கம் போட்டார்கள்; முன்னும் பின்னும் கதவைச் சாத்தி இடைவழியில் மாட்டவைத்தார்கள். மகனுக்கு மூன்று வயதாகும்போது அவள் நோயில் விழுந்து இறந்தாள். பேரரசர் பாடம் கற்றுக்கொண்டார். கொரியாவிலிருந்து வந்த சாமுத்திரிகா லட்சண நிபுணர் ஒருவர் சிறுவனின் முகத்தில் அரசக் களை இருப்பதாகவும், ஆனால் அரசனானால் குழப்பம் வரும் என்றும் சொன்னார். தாய்வழியில் தாங்க ஆளில்லாத இளவரசனாக விட்டுவைப்பதைவிடக் குடிமகனாக ஆக்கிவிடுவது நல்லது என்று முடிவு செய்து, பேரரசர் தம் மகனுக்கு மினாமோட்டோ என்ற குலப்பெயர் கொடுத்து அரச வம்சத்திலிருந்து விலக்கினார். பேரரசரின் பிள்ளைகளில் மிகச் சிறந்தவன், தாயின் வரிசை ஒரு படி குறைந்ததால், சேவகனாக நின்றான். மூன்று வயதில் தாயை இழந்ததற்கும் அதுவே காரணம்.

இப்போது, அந்தக் குழந்தையைப் பெற்றவளின் ஊரான அகாஷி. பழைய பேரரசர் மறைந்தபின் எதிர்க்கட்சியின் கை ஓங்கியது. 26 வயதில் பதவி பறிபோய், சுமா கடற்கரையில் ஒதுங்கியிருந்தான் கெஞ்ஜி. அங்கிருந்து அகாஷிக்குப் போனான். அங்கே முன்னாள் மாகாண ஆளுநர் ஒருவர், மொட்டையடித்துத் துறவு பூண்டவர், தன் மகளை மிக உயர்ந்த ஒருவனுக்குத்தான் கொடுப்பது என்று சுமியோஷி தெய்வத்திடம் ஆண்டுதோறும் வேண்டிக்கொண்டிருந்தார். இந்த ஏற்பாட்டில் மகளுக்கு ஆர்வம் இல்லை. தலைநகரத்துப் பெரிய மனிதனின் பொழுதுபோக்கு ஆகிவிடக்கூடாது என்ற எச்சரிக்கை அவளிடம் கடைசிவரை இருந்தது. 28 வயதில் கெஞ்ஜி மன்னிக்கப்பட்டுத் தலைநகர் திரும்பும்போது அவள் கர்ப்பமாக இருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. கெஞ்ஜிக்கு மூன்று பிள்ளைகள், ஒன்று பேரரசர், ஒன்று பட்டத்தரசி, மூன்றாவது அரசின் மிக உயர்ந்த அமைச்சர் என்று ஜோதிடர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். பேரரசர் ஏற்கெனவே ரகசியமாகப் பிறந்து அரியணையில் இருந்தார். எனவே இந்தப் பெண்தான் பட்டத்தரசி. பட்டத்தரசியாக வேண்டியவள் கடலோர ஊரில் பிறந்துவிட்டாளே என்பதுதான் செய்தி கேட்டதும் அவனுக்கு வந்த வருத்தம். உடனே தலைநகரிலிருந்து ஒரு செவிலியை அனுப்பினான்.

தாயும் மகளும் தலைநகருக்கு மேற்கே, ஓஇ ஆற்றங்கரை வீட்டுக்கு வந்து சேர்ந்தபின், அவன் கேட்டான்: குழந்தையை முராசாகியிடம் கொடு. முராசாகிக்குப் பிள்ளை இல்லை. அவள் தந்தை இளவரசர். அவள் மகளாக வளர்ந்தால் அகாஷியின் பெயர் ஒட்டாது.

தாய்க்கு அறிவுரை சொன்னவள் அவளுடைய சொந்தத் தாய், ஒரு பிக்குணி. அவளுடைய வாதம் நாவலின் மிகக் கூர்மையான அரசியல் பேச்சு. பேரரசரின் பிள்ளைகளுக்கே தாயின் நிலையை வைத்துத்தான் இடம் கிடைக்கிறது. இந்த ஈடில்லாத கெஞ்ஜியே சேவகனாக நிற்பதற்குக் காரணம் அவனுடைய தாய்வழிப் பாட்டன் ஒரு படி தாழ்ந்திருந்ததுதானே, பிறகு உன் மகளின் கதி என்ன என்று கேட்கிறாள். மறுக்க முடியாத கேள்வி. தாய் சம்மதித்தாள். பனி கனத்துப் பெய்த ஒரு குளிர்காலத்தில் வண்டி வந்தது. தாயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டிவரை வந்தாள். குழந்தை ஒன்றும் அறியாமல் தாயின் சட்டைக்கையைப் பிடித்து, நீயும் ஏறு என்றது. வழியில் தூங்கிப்போனது. புது மாளிகையில் பலகாரம் சாப்பிட்டது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்து அம்மாவைத் தேடி முகம் கோணியது.

தேவகியையும் யசோதையையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பெரியாழ்வார் யசோதையாக நின்று பாடினார். பிள்ளை வளர்ந்த அழகைப் பார்க்கக் கிடைக்காத தேவகிக்காகக் குலசேகராழ்வார் பாடினார். ஆனால் தேவகியின் பிள்ளையைக் கம்சனின் வாள் துரத்தியது. ஓஇ ஆற்றங்கரைக் குழந்தையை எந்த வாளும் துரத்தவில்லை.

அந்த வேறுபாட்டில்தான் வழக்கு நிற்கிறது.

கெஞ்ஜிக்காக வாதாடுபவர் முதலில் எடுத்துவைப்பது தாயின் சம்மதம். அது போலிச் சம்மதம் என்று தள்ளிவிடுவது இன்றைய பழக்கம்; அது அவளுக்குச் செய்யும் அவமதிப்பு. அவள் பேதை அல்ல. இவனுடைய அன்பு தளர்ந்தால் என்ன ஆகும், பெரிய குடும்பத்துப் பெண்ணிடம் அவனுக்கு இன்னொரு மகள் பிறந்தால் தன் மகள் எங்கே நிற்பாள் என்றெல்லாம் எண்ணிப் பார்த்தாள். அவள் எதிரில் இருந்த இரண்டு வழிகளில் குழந்தைக்கு நல்லது எது என்று சரியாகவே கணித்தாள். அவள் முடிவில் குறை காண முடியாது. ஆனால் ஒருவர் சரியான முடிவெடுத்தார் என்பதால், அப்படி ஒரு முடிவை எடுக்க அவரை நிறுத்தியவர் குற்றமற்றவர் ஆகிவிடுவதில்லை.

அடுத்தது இன்னும் வலுவானது. அந்த வழக்கத்தைக் கெஞ்ஜி உண்டாக்கவில்லை. அதை எதிர்த்தால் என்ன நடக்கும் என்று அவனைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவனுடைய தந்தை எதிர்த்தார். வரிசையைப் பொருட்படுத்தாமல் ஒரு பெண்ணை நேசித்தார். விலை கொடுத்தது பேரரசர் அல்ல, அவள். பின்பு அதே தந்தை வழக்கத்துக்குப் பணிந்து மகனைக் குடிமகனாக்கினார்; மகன் பிழைத்தான். வல்லவன் விதியை மீறினால் எளியவர் தலையில் விழும் என்பது கெஞ்ஜி தாயின் சாவில் படித்த பாடம். அகாஷிப் பெண்ணைத் தாயென்று காட்டிக்கொண்டு மகளை அந்தப்புரத்துக்கு அனுப்பியிருந்தால், கிரிட்சுபோவுக்கு நடந்தது இன்னொரு தலைமுறையில் நடந்திருக்கலாம். இந்த வாதத்தை லேசாகக் கடந்துபோகக் கூடாது. அதிகாரத்தில் இருப்பவர்களிடம் வழக்கத்தை உடை என்று கேட்பவர்கள், உடைந்த துண்டு யார் காலில் குத்தும் என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

ஆனாலும் இந்த வாதம் ஒன்றை எடுத்துக்கொண்டே பேசத் தொடங்குகிறது. மகள் பட்டத்தரசியாகத்தான் வேண்டும் என்பதை. அதை எடுத்துவிட்டால் பிரிவுக்கான காரணம் எதுவும் மிஞ்சுவதில்லை. ஓஇ ஆற்றங்கரையில் குழந்தைக்குப் பசி இல்லை, பாட்டி இருந்தாள், செல்வம் இருந்தது. தந்தை அரசவையில் முதல் நிலை மனிதர். அரியணையில் இருப்பவர் அவனுடைய மகன். தாயோடு வளர்ந்து, கண்ணியமான ஒருவனுக்கு மனைவியாகி வாழ்வது அவளுக்கு எட்டாத வாழ்வல்ல. பட்டம் வேண்டியது யாருக்கு? மூன்று வயதுக் குழந்தைக்கு வேண்டியது வண்டியில் பக்கத்தில் அம்மா. ஃபுஜிவாராக்கள் நடத்திய அதே ஆட்டத்தில் மகள் இல்லாமல் வெல்ல முடியாது என்பதால் மகள் தேவைப்பட்டது கெஞ்ஜிக்கு. தன் தேவையை மகளின் எதிர்காலம் என்று பெயர் மாற்றி, அதற்கான விலையைத் தாயிடம் வசூலித்தான்.

ஜோதிடத்தைக் காட்டித் தப்பவும் வழியில்லை. விதிப்படி பட்டம் கிடைக்கும் என்றால் தாயை மறைக்க வேண்டியதில்லை. தாயை மறைத்தால்தான் கிடைக்கும் என்றால் அது விதியே அல்ல, ஏற்பாடு.

வழக்கத்துக்கு அவன் கட்டுப்பட்டவன் என்பதும் முழு உண்மை அல்ல. இரண்டு அத்தியாயம் தள்ளி, ஊரறிந்த மகன் யூகிரிக்குப் பன்னிரண்டு வயதில் பருவச் சடங்கு நடக்கிறது. இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு நான்காம் படிப் பதவி கிடைப்பது மரபு. கெஞ்ஜி ஆறாம் படியே போதும் என்று சொல்லி, படித்து முன்னேறட்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறான். பையனின் பாட்டி கொதித்துப்போகிறாள். தாழ்ந்த பதவிக்கான பச்சை உடையில் நிற்க நேர்ந்ததில் பையனுக்கு அவமானம் தாங்கவில்லை. கெஞ்ஜி அசையவில்லை. பிறப்பால் வரும் வரிசையைவிடக் கல்வி பெரிது என்று ஒரு சீர்திருத்தக்காரனைப் போலப் பேசுகிறான். நல்ல பேச்சுதான். மகன் விஷயத்தில் வழக்கத்தை மீற முடிந்தது, ஏனென்றால் அங்கே மீறுவதால் அவனுடைய அதிகாரம் குறையவில்லை. மகள் விஷயத்தில் குறையும். கொள்கை எங்கே நிற்கிறது, எங்கே வளைகிறது என்பதைப் பார்த்தால் ஒரு அரசியல்வாதியின் உண்மையான கொள்கை தெரிந்துவிடும்.

தூரமும் காரணம் அல்ல. சில ஆண்டுகளில் கெஞ்ஜி ரோகுஜோ மாளிகையைக் கட்டினான்: நான்கு பருவங்களுக்கு நான்கு பகுதிகள். வசந்தப் பகுதியில் முராசாகியும் குழந்தையும். குளிர்காலப் பகுதியில் அகாஷிப் பெண். ஒரே மதிலுக்குள் குடியிருந்தும் தாய் மகளைக் காணவில்லை. ஒரு புத்தாண்டில், மகளின் குரலுக்கு ஏங்கும் தாயிடமிருந்து பரிசும் ஒரு கவிதையும் வருகின்றன. பதிலை நீயே எழுது என்று கெஞ்ஜி மகளிடம் மைக்கல்லை எடுத்து வைக்கிறான். இத்தனை ஆண்டு பார்க்கவிடாமல் வைத்தது பாவம் என்று உள்ளுக்குள் வருந்துகிறான். பனியில் குழந்தையை அழைத்துவந்த அன்றும், வழியெல்லாம் தனக்கு என்ன பாவம் சேருமோ என்றுதான் எண்ணிக்கொண்டு வந்தான். இதுதான் கெஞ்ஜியை மன்னிக்கக் கடினமாக்குகிறது. அவன் அறியாதவன் அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் சரியாக வருந்துகிறான், பரிசு அனுப்புகிறான், கவிதை எழுதுகிறான். தோட்டத்தின் குறுக்கே போய் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு வா என்று மகளிடம் சொல்வது மட்டும் இல்லை. செய்வதை மாற்றாத வருத்தம் வருந்துபவனுக்குத்தான் ஆறுதல். அழகாக வருந்தத் தெரிந்தவர்களிடம் வாசகர் கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.

பதினோரு வயதில் மகள் பட்டத்து இளவரசனின் மாளிகைக்குப் போகிறாள். இப்போதாவது பெற்றவளை மகளோடு துணைக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் கெஞ்ஜிக்கும் இருந்தது. அதை வாய்திறந்து சொன்னவள் முராசாகி. தானும் தாயின்றி வளர்ந்து, ஒருவன் தூக்கிவந்ததால் இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். இத்தனை ஆண்டு வளர்த்த பிள்ளையின் பக்கத்தில் பெற்றவளுக்கு இடம் விட்டுக் கொடுக்க அவளால் முடிந்தது. சில நாள் கழித்து முராசாகி அரண்மனையை விட்டுப் புறப்பட்டபோது, உயர்ந்தவர்களுக்கே அனுமதிக்கப்படும் கைவண்டியில் போனாள். பெற்றவள் பணிப்பெண்ணின் நிலையில் உள்ளே வந்தாள். மகளுக்குத் தான் பிறந்த கதை முழுதும் தெரிந்தது அதற்கும் பின்னால், பிரசவத்துக்காக வந்திருந்தபோது, அந்த முதிய பிக்குணிப் பாட்டி அழுதுகொண்டே சொல்லித்தான். அதைக் கேட்டபின் அவளுக்குத் தன்னைப் பற்றி இருந்த பெருமை ஆட்டம் காண்கிறது. வளர்த்தவளின் நன்றியை மறக்கக்கூடாது என்று கெஞ்ஜி அறிவுரை சொல்கிறான். யாரிடம் நன்றியோடு இருக்க வேண்டும் என்பதைக்கூட அவனே தீர்மானிக்கிறான்.

பிள்ளையின் நன்மை என்ற பெயரில் நடக்கும் பிரிவுகளை எல்லாக் காலமும் அறியும். கிராமத்தில் வளர்ந்தால் பேச்சு மாறாது, நல்ல பள்ளி கிடைக்காது என்று பிள்ளையைப் பட்டணத்து உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, விசேஷ நாளில் விருந்தாளியாக வந்து போகும் தாய்மார் நம் ஊரிலும் இருந்தார்கள். அவற்றையெல்லாம் ஒரே தட்டில் வைக்க முடியாது. வறுமை பிரித்ததா, ஆசை பிரித்ததா, யாருடைய ஆசை என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

முராசாகி ஷிகிபு எங்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லும் இடத்தில் அவர் இல்லை. அவருடைய எஜமானியின் வீடே இந்தக் கணக்கின் மேல் கட்டப்பட்டது. அவரே ஒரு மாகாண ஆளுநரின் மகள், அகாஷிப் பெண்ணின் வகுப்பைச் சேர்ந்தவர். அவர் செய்ததெல்லாம், குழந்தை சட்டைக்கையைப் பிடித்து இழுத்ததை எழுதிவைத்தது. கெஞ்ஜி இறந்தபின் வரும் அத்தியாயத்தில், ரோகுஜோ மாளிகையின் வசந்தப் பகுதியெல்லாம் கடைசியில் ஒருத்தியின் சந்ததிக்காகவே கட்டப்பட்டதுபோல் ஆயிற்று என்று ஊர் பேசுகிறது. அகாஷிப் பெண் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்கிறாள். கணக்குப் பிசகாமல் வந்தது, லாபம் அவள் பக்கமும் வந்தது. ஆனால் மூன்று வயதிலிருந்து பதினொன்று வரை ஒரு மகள் பேசிய பேச்சு எதையும் அந்தப் பேரப்பிள்ளைகள் அவளுக்குத் திருப்பித் தர முடியாது. கிரிட்சுபோவின் சாவுக்கு அரசவை வழக்கத்தைக் குற்றம் சொல்லலாம். அகாஷித் தாயின் அந்த ஆண்டுகளுக்கு வழக்கத்தைச் சொல்ல முடியாது. அதற்குப் பொறுப்பு கெஞ்ஜி.